கலக்குவது யார் வேலை?

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், காரைக்கால்மேடு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்று, "நீ என்னடா எழுதப் போற? காதலா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டார்கள் நண்பர்கள். "நுண்ணுயிருக்கு எப்படி மூச்சு கொடுக்கிறதுன்னு எழுதப் போறேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். "டேய், நீ மெக்கானிக்கல். அதையெல்லாம் எழுத பயோடெக்னாலஜிக்காரன் இருக்கான். ஒனக்கு எதுக்கு வேண்டாத வேலை?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இது வேண்டாத வேலை அல்ல, சொல்லப்போனால் நம்முடைய வேலையே இதுதான் என்பது என் கட்சி. படித்துவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

குளத்தங்கரையில் ஒரு இரவு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் கைச்செலவுக்காக நாகப்பட்டினம் பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு ராக்காவல் போனேன். அங்கே காவல் வேலை பார்த்தவர் என் தாய்மாமா. நான் அவருக்குத் துணை. வேலை பெரிசா ஒண்ணுமில்லை. குட்டையில் துடுப்புச் சக்கரங்கள் சுற்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அதற்கு ஏரேட்டர் என்று பெயர். மோட்டார் ஓடும், துடுப்பு தண்ணீரை அள்ளி வீசும், நுரையோடு நுரையாகக் காற்று உள்ளே போகும். பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலை வாங்கிக்கொண்டு பிராணவாயுவைக் கொடுக்கும். இரவில் அதே பாசி இறாலோடு போட்டி போட்டுக்கொண்டு மூச்சு விடும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகமிகக் குறைவு. அந்த நேரத்தில் சக்கரம் நின்றால் போச்சு.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. மாமா ஜெனரேட்டரை ஓட்டப் போனார். அது உறுமியது, இருமியது, ஓடவில்லை. "மாப்ள, நீ இன்ஜின் படிக்கிறவன்தானே, வந்து பாரு" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் நான். டீசல் இன்ஜினின் நான்கு வீச்சுகளையும் படம் போட்டு, பாகங்கள் குறித்து, பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன். டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு அந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார், நான் இன்ஜினைப் பார்த்தேன்.

நாலரை மணிக்கு இறால்கள் கரையோரம் ஒதுங்கி மேலே வர ஆரம்பித்தன. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வாளியால் அள்ளி அள்ளி வீசினார். நானும் இறங்கினேன். ரெண்டு பேர் வாளியால் வீசினால் ஒரு குட்டைக்கு மூச்சு வருமா? விடிந்த பிறகு பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஃபில்டர் மேலிருந்த ஒரு சிறு திருகைத் தளர்த்தினார். கைப்பம்பை நாலு தட்டு தட்டினார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறி, பிறகு சுத்தமான டீசல் வந்தது. திருகை முறுக்கினார். ஐந்தே நிமிடம், இன்ஜின் ஓடியது. காற்று இருக்க வேண்டிய குட்டையில் காற்று இல்லை. இருக்கக் கூடாத டீசல் குழாயில் இருந்தது!

ஆனால் குட்டை வெள்ளையாக மிதந்தது. மாமாவுக்கு அந்த மாதச் சம்பளம் வரவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்று அந்த இறாலுக்குத் தீனியில் குறையில்லை, நோயும் இல்லை. அந்த உயிர்கள் ஒரு திருகுக்காகச் செத்தன. அதிலிருந்துதான் "மூச்சு" என்ற விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சர்க்கரை கரையும், காற்று கரையாது

ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரையை நூற்றுக்கணக்கான கிராம் கரைக்கலாம். பிராணவாயுவை எவ்வளவு கரைக்கலாம்? நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில், வெளிக்காற்றோடு எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம். கடல் நீரில் இன்னும் குறைவு, சுமார் 6.2 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு 270 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு இருக்கிறது. ஆக, தண்ணீருக்குள் வாழ்கிற உயிர் எல்லாமே மூச்சுக்குப் பரம ஏழை.

இனி இறால் குட்டையை விட்டு, மருந்துத் தொழிற்சாலைத் தொட்டிக்குப் போவோம். ஃபெர்மென்டர், நொதிகலன், பயோரியாக்டர் என்று பல பெயர். உள்ளே சர்க்கரைக் கரைசல், உப்புகள், கோடானுகோடி நுண்ணுயிர்கள். நன்றாக வளர்ந்து நெருக்கமாகிவிட்ட வளர்ப்பு ஒன்று, லிட்டருக்கு மணிக்கு 1.6 கிராம் பிராணவாயு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருப்பதோ 7.5 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், 17 விநாடிக்குத்தான் வரும்! காற்றை நிறுத்திய 17 விநாடியில் கையிருப்பு தீர்ந்துவிடும். இறால் குட்டையாவது எங்களுக்கு இரண்டரை மணி நேரம் கொடுத்தது.

"மூச்சில்லாவிட்டால் நுண்ணுயிர் செத்துப் போகுமா?" என்று கேட்கலாம். எல்லாம் சாகாது. சிலது வேறு தொழிலுக்குப் போய்விடும். ஈஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை நிறையக் கொடுத்தால் உடம்பை வளர்த்துப் பெருகும். ரொட்டிக் கடைக்கு வேண்டிய ஈஸ்ட் கிடைக்கும். காற்றை நிறுத்தினால் அதே ஈஸ்ட் அதே சர்க்கரையைச் சாராயமாக்கும். பிரான்சின் லூயி பாஸ்டர் 1861இலேயே இதைக் கண்டு சொன்னார். காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரனுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குக் காற்று தேவையில்லை! பெரும்பாலான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு, விட்டமின்களுக்கு, நொதிகளுக்குத்தான் காற்று வேண்டும், இரவு பகலாக.

மத்தும் தடுப்பும்

பம்ப்பில் காற்றைச் செலுத்தினால் போதாதா, எதற்குக் கலக்க வேண்டும்? இங்கேதான் நம் பாடம் வருகிறது.

ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள காற்றுக் குமிழ் ஒன்று தண்ணீரில் ஏறுகிறது. பிராணவாயு அதன் தோல் வழியாகத்தான் தண்ணீருக்குள் இறங்க முடியும். அந்தக் குமிழை இரண்டு மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால் 125 குமிழ் கிடைக்கும். காற்றின் அளவு அதேதான், தோலின் பரப்பு மட்டும் ஐந்து மடங்கு. தவிர, பெரிய குமிழ் விறுவிறுவென்று மேலே ஓடிவிடும். சின்னக் குமிழ் நின்று நிதானமாகப் போகும். இந்தக் குமிழ் உடைக்கும் வேலைதான் கலக்கியின் முதல் வேலை. இரண்டாவது வேலை, கரைந்த பிராணவாயுவையும் சர்க்கரையையும் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசேர்ப்பது.

அம்மா மோர் கடைவதைக் கவனித்திருக்கிறீர்களா? மத்தை ஒரே பக்கமாகச் சுழற்றினால் தயிரும் கூடவே சுற்றும், கடையாது. அதனால்தான் கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்துத் திசை மாற்றுகிறார்கள். தொழிற்சாலை மோட்டார் அப்படித் திசை மாற்றாது. ஆகவே தொட்டியின் உட்சுவரில் செங்குத்தாக நான்கு பட்டைகளைப் பொருத்தியிருப்பார்கள். பேஃபிள் என்று பெயர். அகலம் தொட்டி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. சுற்றி ஓடும் தண்ணீர் அதில் மோதி மேலும் கீழும் திரும்பும். நடுவில் தொங்கும் தண்டில் வட்டத் தகடு, அதன் விளிம்பில் ஆறு நேர் இலைகள். இதன் பெயர் ரஷ்டன் டர்பைன். விட்டம் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு. அடியில் துளையிட்ட வளையக் குழாய் வழியாகக் காற்று வரும். தகட்டுக்கு நேர் கீழே வந்த காற்று வழி மறிக்கப்பட்டு, இலைகளிடம் மாட்டி, நொறுங்கி, சுவரை நோக்கி வீசப்படும். சுழற்சி போதாமல் காற்று மட்டும் அதிகமானால் டர்பைன் காற்றில் மூழ்கிவிடும்; வெறுமனே சுற்றும், குமிழ் உடையாது.

இவ்வளவையும் சேர்த்து ஒரே எண்ணில் அடக்கி கே.எல்.ஏ. என்கிறார்கள். கே.எல். என்பது குமிழுக்கும் நீருக்கும் நடுவிலுள்ள மெல்லிய படலத்தைப் பிராணவாயு கடக்கும் வேகம். ஏ என்பது ஒரு கன மீட்டர் திரவத்திலுள்ள குமிழ்களின் மொத்தத் தோல் பரப்பு. இந்த எண்ணை, தண்ணீர் கொள்ளக்கூடிய பிராணவாயுவுக்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால், எவ்வளவு வேகமாக மூச்சு போகிறது என்று கிடைக்கும். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போகும் கணக்கைப் படித்தோமே, அதே அச்சு! பெயர் மட்டும்தான் புதுசு.

பென்சிலின் சொன்ன பாடம்

பென்சிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் "அலெக்சாண்டர் பிளெமிங், 1928" என்று சொல்லும். சரிதான். ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அது மருந்துக் கடைக்கு வரவில்லை. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் சீழ் வைத்துக் கிடந்தவர் தேறி வந்தார். மருந்து போதவில்லை. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

மருந்து ஏன் போதவில்லை? பூஞ்சையைத் தட்டையான பாத்திரங்களில் மேலாடை போலப் படரவிட்டு வளர்த்தார்கள். மேற்பரப்பில் மட்டும்தானே காற்று? பாத்திரத்தின் எண்ணிக்கையைக் கூட்டலாம், ஆழத்தைக் கூட்ட முடியாது. ஆழமான தொட்டிக்குள் பூஞ்சை மூழ்கி வளர வேண்டுமானால் அடியிலும் மூச்சு வேண்டும். அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுக்கூடம் அதற்கேற்ற பூஞ்சையையும் தீனியையும் தேடிக் கொடுத்தது. ஃபைசர் நிறுவனம் நியூயார்க் புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் ஃபாக்டரியை வாங்கி, ஒவ்வொன்றும் 7,500 காலன், அதாவது சுமார் 28,000 லிட்டர் கொள்ளும் 14 தொட்டிகளை நிறுத்தியது. 1944 மார்ச் 1 அன்று அது ஓடத் தொடங்கியது. அந்த ஜூன் மாதம் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கியபோது காயம்பட்டவனுக்குப் போட மருந்து இருந்தது. நம் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறோமே, அதுபோல ஒரு ஐஸ் ஃபாக்டரிதான் உயிர் காக்கும் ஃபாக்டரியாக மாறியது!

ஆழ்தொட்டிப் பென்சிலின் ஆலையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ என்ற பெண்மணி. எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், 1937இல். 1945இல் நோபல் பரிசு பிளெமிங், ஃப்ளோரி, செயின் ஆகிய மூவருக்கும் போயிற்று. தகுதியானவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தொட்டி கட்டியவர், காற்றை உடைத்தவர், தண்டுக்கு சீல் போட்டவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

பெரிதாக்கினால் வரும் வில்லங்கம்

சின்னத் தொட்டியில் நடந்தது பெரிய தொட்டியிலும் நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், ஒரே ஒரு கணக்கு.

24 சென்டிமீட்டர் விட்டம், 24 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். கிட்டத்தட்ட 11 லிட்டர். அதில் 8 சென்டிமீட்டர் ரஷ்டன் டர்பைன், நிமிடத்துக்கு 400 சுற்று. கலக்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்பக் கூடும். இந்தத் தொட்டிக்குச் சுமார் 5 வாட் வருகிறது. ஒரு எல்.ஈ.டி. பல்பு!

இப்போது எல்லா அளவையும் பத்து மடங்காக்குங்கள். தொட்டி விட்டம் 2.4 மீட்டர், கொள்ளளவு 11,000 லிட்டர், டர்பைன் 80 சென்டிமீட்டர். அதே 400 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும்? பத்தின் ஐந்தாம் மடி ஒரு லட்சம். 5 வாட் 5 லட்சம் வாட்டாகிறது. 650 குதிரைத் திறனுக்கும் மேலே! திரவம் ஆயிரம் மடங்குதான் கூடியது, கரண்ட் லட்சம் மடங்கு. எந்த முதலாளி கட்டுவான்?

சரி, லிட்டருக்கு அதே வாட் என்று வைத்து வேகத்தைக் குறைத்தால் நிமிடத்துக்கு 86 சுற்றுதான் கிடைக்கும். அப்போது ஒரு சொட்டு சர்க்கரை தொட்டி முழுக்கப் பரவ நாலரை மடங்குக்கு மேல் நேரமாகும். 17 விநாடி மூச்சுக்காரனுக்கு அது பெரிய நேரம். மேலே இருப்பவன் தின்பான், மூலையில் இருப்பவன் மூச்சுத் திணறுவான். போதாக்குறைக்கு பென்சிலின் பூஞ்சை நூல் நூலாக வளர்ந்து தொட்டியைக் கேப்பைக் கூழ் மாதிரி ஆக்கிவிடும். குமிழ்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். நுரை பொங்கும், நுரையடக்கி ஊற்றினால் மூச்சு இறங்கும் வேகமும் குறையும். மூச்சு விட்டால் சூடும் உண்டாகும். பூஞ்சைக்கு வேண்டியது 25 டிகிரி. நம் கடற்கரையில் சித்திரை மாதத் தண்ணீரே 30 டிகிரிக்கு மேலே. ஆக, குளிர்பதன இயந்திரமும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வெளிக் கிருமி ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. சுற்றுகிற தண்டு தொட்டிச் சுவரைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் மெக்கானிக்கல் சீல் கசிந்தால், ஒரு வார உழைப்பு சாக்கடைக்குப் போகும்.

கியர்பாக்ஸ், பேரிங், சீல், கம்ப்ரஸர், குளிர்பதனம், மோட்டார் வேகக் கட்டுப்பாடு, சென்ஸர். இதில் எது நம் கல்லூரிப் பாடத்தில் இல்லை? சொல்லுங்கள்!

கடலூரும் காக்கிநாடாவும்

நம் நாடு இதில் பின்தங்கியிருந்தது என்று நினைக்காதீர்கள். புனே அருகே பிம்ப்ரியில், யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இல் தொடங்கப்பட்டு, 1955இல் பென்சிலின் தயாரித்தது. அவ்வளவு தூரம் ஏன்? இங்கிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் தாண்டினால் கடலூர். அங்கே சிப்காட்டில் ஜே.கே. பார்மாகெம் என்ற ஆலை, தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் பங்கேற்க, பென்சிலின்-ஜி தயாரித்தது. நம் கடற்கரையிலேயே அந்தத் தொட்டிகள் சுற்றின.

பிறகு சீனாவிலிருந்து மிக மலிவாகப் பென்சிலின்-ஜி வந்து குவிந்தது. இங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன, கடலூரும் நின்றது. மாத்திரை இந்தியாவில் செய்வோம், அதன் மூலப்பொருளுக்குக் கைநீட்டுவோம் என்ற நிலை வந்தது. 2020இல் கொரோனா வந்தபோதுதான் அந்தக் கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் உறைத்தது. அந்த ஆண்டு மத்திய அரசு மூலமருந்து உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. அதில் கவனியுங்கள்: ரசாயன முறையில் செய்யும் மருந்துக்கு விற்பனையில் 10 சதவீதம் ஊக்கத்தொகை, நொதித்தல் முறையில் செய்யும் மருந்துக்கு ஆரம்ப ஆண்டுகளில் 20 சதவீதம். ஏன் இரட்டிப்பு? இது கடினமான தொழில் என்று அரசே ஒப்புக்கொண்டதுதான் காரணம். அந்தத் திட்டத்தில் ஆந்திராவின் காக்கிநாடாவில் அரபிந்தோ பார்மா குழுமத்தின் லைஃபியஸ் நிறுவனம், ஆண்டுக்கு 15,000 டன் பென்சிலின்-ஜி தயாரிக்கும் திறனுள்ள ஆலையை அமைத்து 2024இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் நம்மைப் போலவே ஒரு டெல்டாக் கடற்கரை ஊர். அது கோதாவரி, இது காவேரி.

மலிவு என்றால் என்ன? ஒரு லட்சம் லிட்டர் தொட்டி, கன மீட்டருக்கு 2 கிலோவாட் என்றால் 200 கிலோவாட். இரவு பகல் ஏழு நாள் ஓடினால் 33,600 யூனிட், அதுவும் கலக்குவதற்கு மட்டும். கம்ப்ரஸரும் குளிர்பதனமும் தனி. யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடினால் தொட்டிக்கு வாரம் 33,600 ரூபாய் கூடுதல். அதே கரண்ட்டில் கூடுதல் மூச்சு கொடுக்கிற டர்பைனை எவன் செய்கிறானோ, அவன் மருந்து விற்பான். மற்றவன் ஆலையைப் பூட்டுவான். ஆக, நாட்டுக்கு மருந்து இருக்குமா இருக்காதா என்பது இலை வளைவிலும் பேரிங் உராய்விலும்கூட இருக்கிறது.

எதிர்க்கட்சிக்குப் பதில்

"அதுக்கெல்லாம் பி.டெக். படிச்சவங்க இருக்காங்க" என்பது முதல் வாதம். இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. எந்த நுண்ணுயிர், என்ன தீனி என்று அவர்கள் சொல்லட்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சீல் கசிந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? ஷிப்டில் நிற்பவன் டிப்ளமோக்காரன். அவனுக்கு 17 விநாடிக் கணக்கு தெரிந்திருந்தால் ஓடுவான். தெரியாதவன் டீ குடித்துவிட்டு வருவான்.

"காரைக்கால்ல அந்த ஃபாக்டரி எங்கடா இருக்கு?" என்பது இரண்டாவது. மருந்து ஆலையை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் தொட்டி இருக்கிறதே, அதுவும் நுண்ணுயிருக்கு மூச்சு கொடுக்கும் தொட்டிதான். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்ட முறை. அத்தகைய நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றூட்டுவதற்கே போகிறது. இறால் குட்டை, இறால் குஞ்சுப் பொரிப்பகம், ஆலைக் கழிவுநீர்த் தொட்டி என்று இந்தக் கடற்கரை முழுக்க அதே விதிதான், அதே கே.எல்.ஏ.தான்.

"வேலைக்குப் போனா கத்துக்கலாம்" என்பது மூன்றாவது. இதைத்தான் நானும் நம்பியிருந்தேன். வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன், ஒரு குட்டை இறாலும் மாமாவின் ஒரு மாதச் சம்பளமும் ஃபீஸாகக் கட்டி!

எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். இன்றுவரை நான் ஒரு ஃபெர்மென்டரைக் கையால் தொட்டதில்லை. தொழிற்சாலைச் சுற்றுலா ஒன்றில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். "தள்ளிப் போங்க தம்பி" என்றார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

நான் கேட்பது

மாணவர் மன்றம் நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கை வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மேலே கணக்குப் போட்ட அந்த 11 லிட்டர் தொட்டியை நாமே நம் பணிமனையில் செய்வோம். அக்ரிலிக் உருளை ஒன்று, 2.4 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு தடுப்புப் பட்டை, லேத்தில் கடைந்த தண்டு, தகட்டில் வெட்டிய ஆறு இலை, வேகம் மாற்றக்கூடிய சிறு மோட்டார், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்ப். பெரிய செலவில்லை. இயந்திரவியல் பையன் தண்டு கடையட்டும், எலெக்ட்ரிக்கல் பையன் மோட்டாரைப் பார்க்கட்டும், எலெக்ட்ரானிக்ஸ் தோழி சென்ஸரைப் பார்க்கட்டும். மூன்று துறையும் சேர்ந்து ஒரு இறுதியாண்டு புராஜெக்ட்.

அளப்பது எப்படி? ஒரு கிராம் சோடியம் சல்ஃபைட்டும் துளி கோபால்ட் உப்பும் போட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். பிறகு காற்றைத் திறந்து, அது எவ்வளவு வேகமாகத் திரும்பி ஏறுகிறது என்று குறித்தால் கே.எல்.ஏ. கையில். மீட்டர் வாங்கப் பணமில்லையா? விங்க்ளர் 1888இல் சொன்ன டைட்ரேஷன் முறை இருக்கிறது. பியூரெட்டும் ஸ்டார்ச்சும் நம் வேதியியல் கூடத்திலேயே உண்டு. 200 சுற்றில் ஒரு தடவை, 400 சுற்றில் ஒரு தடவை, தடுப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. மூன்று அளவும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று நமக்குள்ளேயே சண்டை வரும். அதுதான் படிப்பு.

இரண்டாவது, தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குப் போகுமுன் ஒவ்வொரு மாணவனும் மூன்று கேள்வி எழுதிக் கொண்டுபோக வேண்டும். பதில் வாங்காமல் பஸ் ஏறக் கூடாது.

மூன்றாவது, கல்லூரி ஜெனரேட்டரை ஒவ்வொரு மாணவனும், மாணவியும், ஒரு தடவையாவது டீசல் குழாயில் காற்றெடுத்து, தன் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். படம் வரைந்ததற்குப் பத்து மதிப்பெண் உண்டென்றால், ஓட்டியதற்கும் பத்து மதிப்பெண் கொடுங்கள்.

நண்பர்களே! உயிர் காப்பது டாக்டர் வேலை, கண்டுபிடிப்பது விஞ்ஞானி வேலை என்று நாமே நம்மைத் தள்ளி நிறுத்திக்கொண்டது போதும். ஊசி மருந்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு மோட்டார். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு டிப்ளமோக்காரன். அவன் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள்.

மாமா இப்போது வேறு பண்ணையில் காவல். போன பொங்கலுக்கு வந்தவர், "மாப்ள, அந்தத் திருகு எங்க இருக்குன்னு இப்பத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார். தெரியும் மாமா. அவருடைய புதுப் பண்ணைக்கே போய்க் கழற்றி மாட்டிக் காட்டினேன். இப்போது அவருக்கும் தெரியும்.

கலக்குவது யார் வேலை? நம் வேலைதான். வாருங்கள், கலக்குவோம்!